வீட்டுக்குள் இருக்கும் நஞ்சு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆசிட், பிளீச்சிங் பவுடர், கொசுவத்தி, எலி மருந்து, கற்பூரம், முகத்துக்குப் பூசும் கிரீம் என்று நம் வீடுகளில் அன்றாடம் புழங்கும் பொருட்களைப் பற்றிய கேள்விகள் இவை. உயிருக்கு உடனே உலை வைப்பவை முதலிலும், மெதுவாக உடம்பைக் கெடுப்பவை பின்னாலும் வருகின்றன. அவசரத்தில் இருப்பவர்கள், குழந்தை எதையாவது விழுங்கிவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு நேராகப் போய்விடுங்கள்.

வீட்டில் இத்தனை இரசாயனங்கள் இருக்கின்றன. எதைக் கண்டு முதலில் பயப்பட வேண்டும்?

நிமிடங்களில் தீங்கு செய்யக்கூடியதைக் கண்டு. பிளாஸ்டிக் டப்பாவில் சாப்பாடு கட்டலாமா என்று கவலைப்படும் வீட்டிலேயே, பாத்திரம் துலக்கும் மேடைக்கு அடியில் பழைய குடிநீர் பாட்டிலில் ஆசிட் நிற்கும். பிளாஸ்டிக் பற்றிய கவலை நியாயமானதுதான். ஆனால் அதன் தீங்கு வருடக்கணக்கில் சேர்வது. ஆசிட் ஒரு மடக்கு போதும். விழுங்கினால் கொல்பவை, மூச்சில் ஏறினால் கொல்பவை, பிறகுதான் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் சேர்பவை. கவனமும் அதே வரிசையில் போக வேண்டும்.

பாத்ரூம் ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரையும் தூவித் தேய்த்தால் கறை சீக்கிரம் போகிறதே?

கறையோடு சேர்ந்து குளோரின் வாயுவும் கிளம்புகிறது. பாத்ரூம் ஆசிட் என்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கழிப்பறைக்கென்று விற்கும் நீலத் திரவங்கள் பலவற்றிலும் அதே அமிலம்தான், சுமார் 10 சதவீத அளவில் இருக்கிறது. பிளீச்சிங் பவுடரிலும் வெள்ளைத் துணிக்குப் போடும் பிளீச் திரவத்திலும் இருப்பது ஹைப்போகுளோரைட். இரண்டும் சேர்ந்த மாத்திரத்தில் குளோரின் வெளிவரும். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கு அருகே ஜெர்மன் படை எதிரிகளின் பதுங்குகுழிகளை நோக்கித் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான்.

நம் குளியலறைகளின் அமைப்பு இந்த ஆபத்தைக் கூட்டுகிறது. குளோரின் காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனமானது, தரையோடு தேங்கும். தேய்ப்பவரோ குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முகத்தைத் தரைக்குப் பக்கத்தில் வைத்துத்தான் தேய்க்கிறார். காற்றுப் போக உச்சியில் ஒரு சின்ன திறப்பு மட்டும் இருக்கும். தண்ணீர் வெளியே தெறிக்கக் கூடாதென்று கதவையும் சாத்திக்கொள்வார்.

எலுமிச்சைச் சாறும் வினிகரும்கூட அமிலங்களே. பிளீச்சோடு அவற்றைக் கலந்தாலும் இதே கதைதான். அம்மோனியா உள்ள கண்ணாடி துடைக்கும் திரவத்தோடு பிளீச் சேர்ந்தால் குளோரமைன் என்ற வேறொரு நச்சு வாயு உண்டாகிறது. ஒரு நேரத்தில் ஒரே பொருள் போதும். அடுத்ததைத் தொடுவதற்கு முன் தரையைத் தண்ணீர் விட்டு நன்றாக அலசியிருக்க வேண்டும்.

வீட்டு வேலைக்கு வருபவரிடம் இரண்டு பாட்டில்களையும் கொடுத்து "நன்றாகத் தேய்த்துவிடம்மா" என்று சொல்பவர்கள், இந்த விவரத்தையும் ஒரு ஜோடி கையுறையையும் சேர்த்துக் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள். நெடி ஏறுவது அவருடைய நுரையீரலில்.

நெடி ஏறிவிட்டால் என்ன செய்ய வேண்டும்?

வேலையை அப்படியே விட்டுவிட்டு வெளியே வாருங்கள். கதவு திறந்தே இருக்கட்டும். தண்ணீர் ஊற்றி அணைக்கலாம் என்று திரும்ப உள்ளே போகாதீர்கள். கண்ணும் முகமும் எரிந்தால் குழாய்த் தண்ணீரில் நிறையக் கழுவுங்கள். இருமல் நிற்காவிட்டாலோ, நெஞ்சு இறுகினாலோ, மூச்சில் விசில் சத்தம் வந்தாலோ மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதலில் சரியானதுபோல் இருந்து, சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோப்பதும் உண்டு. ஆஸ்துமா இருப்பவர்கள் காத்திருந்து பார்க்கவே கூடாது.

தெருவில் வண்டியில் வந்து விற்பவரிடம் ஆசிட், ஃபினாயில் வாங்கலாமா? விலை குறைவாக இருக்கிறது.

சிக்கல் பாட்டிலில் இருக்கிறது. பெரும்பாலும் குடிநீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோதான் ஊற்றிக் கொடுக்கிறார்கள். லேபிள் கிடையாது, எத்தனை சதவீதம், வேறு என்ன கலந்தது என்று யாருக்கும் தெரியாது. வெயிலில் விளையாடிவிட்டு வரும் குழந்தைக்கு அது தண்ணீர். தாகத்தில் மடமடவென்று குடிக்கும்போது முதல் வாயிலேயே நிறுத்த முடிவதில்லை. அமிலமோ, அடைப்பு நீக்கும் காஸ்டிக் சோடாவோ உணவுக்குழாயைச் சுட்டுவிட்டால், ஆறும்போது தழும்பு விழுந்து குழாய் சுருங்கிவிடும். உயிர் பிழைத்த பிறகும் அந்தக் குழந்தைக்கு உணவுக்குழாயை விரிக்க மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் சிகிச்சை தேவைப்படலாம்.

ஆசிட் வீச்சு வழக்கொன்றில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஆசிட் சில்லறை விற்பனைக்குக் கடும் கட்டுப்பாடு விதித்தது. வாங்குபவரின் அடையாளம், காரணம், அளவு எல்லாம் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். 18 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது. தெருவில் கூவி விற்பது இந்தக் கட்டுப்பாடுகளை மீறுவதுதான்.

எது வாங்கினாலும் அது வந்த பாட்டிலிலேயே இருக்கட்டும். இடம், குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில், பூட்டக்கூடிய அலமாரி.

கொசுவத்தி, திரவ விரட்டி, ஊதுவத்தி: எது தேவலை?

சுருள்தான் மோசம். அதில் பூச்சிக்கொல்லி மிகக் குறைவு. மீதியெல்லாம் மரத்தூள், தேங்காய் ஓட்டுத்தூள் போன்ற எரிபொருள். இரவு முழுவதும் புகைவது அதுதான். 2003இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளின் அளவுக்குச் சமம் என்று கணக்கிட்டது. மின்விசிறிகூட வைக்காமல், சன்னலைச் சாத்தி, கட்டிலுக்கு அடியில் சுருளைக் கொளுத்தி வைக்கும் வீடுகள் இன்னும் ஏராளம்.

கொசு ஊதுவத்திகளில் கவனிக்க வேண்டியது வேறொன்று. கொசுவைக் கொல்லும் மருந்து எதுவாக இருந்தாலும், 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண் அட்டையில் அச்சாகியிருக்க வேண்டும். 'மூலிகை' என்று படம் போட்டு, எண்ணே இல்லாமல் வரும் பாக்கெட்டுகளில் என்ன மருந்து எவ்வளவு இருக்கிறது என்பதை யாரும் சோதித்திருக்க மாட்டார்கள்.

திரவ விரட்டியில் புகை இல்லை. ஆனால் அந்தச் சின்ன பாட்டிலைக் கழற்றி வாயில் வைக்கும் குழந்தைகள் உண்டு. மருந்தைக் கரைத்திருக்கும் எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கினால் நிமோனியா வரும். என்னைக் கேட்டால் வலைதான் முதல் தேர்வு. சாயங்காலம் ஐந்து மணிக்கே சன்னல் சாத்துவதும், தண்ணீர்த் தொட்டியை மூடி வைப்பதும் அடுத்தது.

பச்சைக் குழந்தைக்கு அடுப்புக்கரியில் சாம்பிராணி போடுபவர்களும் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். மூடிய அறையில் கனலும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வருகிறது. அதற்கு வாசனையே கிடையாது.

கற்பூரமும் தைலமும் காலங்காலமாக வீட்டில் இருப்பவை. அவற்றிலுமா ஆபத்து?

ஆம், குழந்தை விழுங்கினால். பூஜைத் தட்டில் இருக்கும் கற்பூர வில்லை வெள்ளையாக, சதுரமாக, வாசனையாக, கல்கண்டுபோல் இருக்கிறது. தவழும் குழந்தைக்கு எட்டும் உயரத்திலேயே பல வீடுகளில் சாமி அலமாரியும் இருக்கிறது. ஒரு கிராம் அளவு கற்பூரமே சிறு குழந்தைகளின் உயிரைப் பறித்ததாக மருத்துவப் பதிவுகள் உண்டு. விழுங்கிய சில நிமிடங்களிலேயே, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் வலிப்பு வரலாம். அமெரிக்க அரசு 1983இலேயே, உடம்பில் தடவும் மருந்துகளில் கற்பூரம் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு கட்டியது. நாம் வில்லையாகவே வாங்கித் திறந்த டப்பாவில் வைக்கிறோம்.

சளிக்காகக் கைக்குழந்தையின் மூக்கிலும் நெஞ்சிலும் கற்பூரத் தைலம் தேய்ப்பது, நீலகிரித் தைலத்தை ஓரிரு சொட்டு நாக்கில் வைப்பது, இரண்டையும் நிறுத்திவிட வேண்டும். தைலம் உள்ளே போன பிறகு வலிப்போடு வரும் குழந்தைகளைத் தென்னிந்திய மருத்துவர்கள் தொடர்ந்து பார்க்கிறார்கள். பாட்டி செய்ததுதானே என்று வாதிடும் பெரியவர்களிடம் பொறுமையாக, ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள்.

பட்டுப்புடவைக்கு நடுவில் பாச்சை உருண்டை வைக்கிறோம். அது?

புடவைக்கு வைப்பதைவிட, எடுத்து வைத்த குழந்தைத் துணிகளுக்கு நடுவே வைப்பதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. பாச்சை உருண்டை அல்லது ரசகற்பூரம் என்று நாம் சொல்வது நாப்தலின். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகள் இந்தியாவில் கணிசம். வெளியே எந்த அடையாளமும் தெரியாது. அக்குழந்தையின் உடம்பில் நாப்தலின் சேர்ந்தால் இரத்தச் சிவப்பணுக்கள் உடைகின்றன. ஓரிரு நாளில் உடம்பு வெளுத்து, கண் மஞ்சளாகி, சிறுநீர் தேநீர் நிறத்தில் போகும். விழுங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. வாசனை ஏறிய துணியை உடுத்திப் போர்த்தியதே சில பிறந்த குழந்தைகளுக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் நாப்தலின் உருண்டைகளைத் தடை செய்துவிட்டது.

முதல் குழந்தையின் துணியை இரண்டாவதற்கு எடுப்பவர்கள், துவைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, வாசனை முற்றிலும் போன பிறகே போடுங்கள். புடவைக்கு வேப்பிலையோ வசம்போ போதும். வசம்பையும் குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள்.

எலித் தொல்லைக்கு எதை வைப்பது?

பொறியை. அல்லது ஒட்டும் அட்டையை.

மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட்டைத் தமிழ்நாடு அரசு தடை செய்திருக்கிறது. காரணம் அது வேலை செய்யும் விதம். தின்றவருக்கு முதல் நாள் வாந்தி, வயிற்றுவலி. பிறகு ஓரிரு நாட்கள் எல்லாம் சரியாகிவிட்டதுபோல் இருக்கும். வீட்டார் நிம்மதியாகி மருத்துவமனையிலிருந்து அழைத்துவந்துவிடுவார்கள். அதன்பின் கல்லீரல் செயலிழக்கும். முறிவு மருந்து கிடையாது. பற்பசைபோலவே குழாயில் வரும் இந்தப் பேஸ்ட்டை வடையிலோ ரொட்டியிலோ தடவி மூலையில் வைப்பதும் வழக்கம். குழந்தையின் கைக்கு அது வெறும் தின்பண்டம்.

மூச்சில் ஏறும் எலி மருந்தும் உண்டு. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காற்றின் ஈரத்தோடு சேர்ந்து பாஸ்பீன் வாயுவை விடும். தானியக் கிடங்குகளில், பயிற்சி பெற்றவர்கள் மட்டும் கையாள வேண்டியது அது. மூட்டை அரிசிக்கு வண்டு வராமல் இருக்க வீட்டுக்குள் இந்த மாத்திரையைப் போடுவது, உறங்கும் அறையில் நச்சு வாயுவைத் திறந்துவிடுவதுதான். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், வீட்டில் வைத்த எலி மருந்தின் நெடியால் இரண்டு பிள்ளைகள் இறந்தார்கள். பெற்றோரும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பூச்சி, எலி ஒழிப்புக்கு ஆள் வைத்தால், என்ன மருந்து என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அன்றிரவு பிள்ளைகளை உறவினர் வீட்டில் தங்க வையுங்கள்.

வெற்றிலைச் சுண்ணாம்பும் இதில் சேருமா?

சேரும். நெகிழிப் பையிலோ குழாயிலோ வரும் சுண்ணாம்பைக் குழந்தை பிதுக்கும்போது அது கண்ணில் தெறிக்கிறது. காரம் என்பதால் உள்ளே அரித்துக்கொண்டே போகும். கருவிழி வெண்மையாகி, பார்வையே போய்விடலாம். ஒட்டியிருக்கும் துணுக்குகளைச் சுத்தமான ஈரத்துணியால் எடுத்துவிட்டு, குறைந்தது 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் கண்ணைக் கழுவிய பிறகே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அந்த 20 நிமிடத்தை எந்த மருத்துவராலும் பிறகு திருப்பித் தர முடியாது.

சிவப்பழகு கிரீமால் சிறுநீரகம் கெடும் என்பது உண்மையா?

உண்மை. கேரளத்தின் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில், 2021 முதல் 2023 வரை, ஒரே வகைச் சிறுநீரக நோயோடு வந்தவர்களை மருத்துவர்கள் விசாரித்தபோது, பெரும்பாலோர் முகம் வெளுக்கும் கிரீம் பூசி வந்தவர்கள் என்று தெரிந்தது. அந்தக் கிரீம்களில் பாதரசம் இருந்தது. பாதரசம் தோலுக்கு நிறம் தரும் மெலனின் உற்பத்தியைத் தடுக்கிறது; அதனால்தான் சில வாரங்களிலேயே முகம் வெளுக்கிறது. அதே பாதரசம் தோல் வழியே இரத்தத்தில் கலந்து சிறுநீரக வடிகட்டியைக் கெடுக்கிறது. கால் வீக்கம், நுரைத்த சிறுநீர் இரண்டும் அடையாளங்கள். பூசுவதை நிறுத்தியதும் பலருக்கு நோய் தணிந்தது ஆறுதலான செய்தி. பாதரசம் கலந்த பாரம்பரிய மருந்துகளால் இதே நோய் வந்தவர்களை வேலூர் சிஎம்சி மருத்துவர்களும் பதிவு செய்திருக்கிறார்கள்.

கண்டுபிடிப்பது எப்படி? தயாரிப்பாளர் முகவரியும் சேர்மானப் பட்டியலும் இல்லாத டப்பா என்றால் ஒதுக்குங்கள். பாதரசத்தைக் குறிக்கும் 'கலோமெல்', 'மெர்குரி' என்ற சொற்களைத் தேடுங்கள். 'தங்கம், வெள்ளி நகையில் படாமல் பார்த்துக்கொள்ளவும்' என்ற எச்சரிக்கை இருந்தால், உள்ளே பாதரசம் இருப்பதற்கான வலுவான தடயம் அது. பூசியவரின் தலையணை, துண்டு வழியாகக் கைக்குழந்தைக்கும் இது போய்ச் சேர்கிறது. மாநிறப் பெண்ணைப் பார்த்துக் 'கொஞ்சம் கலராக இருந்திருக்கலாம்' என்று பேசும் உறவினர்களுக்கும் இந்த நோயில் பங்கு இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

குங்குமம், கண் மை, ஹேர் டை?

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்த குங்குமத்தில் சிக்கல் இல்லை. பளிச்சென்ற சிவப்புக்காக ஈயச் செந்தூரம் சேர்த்தவை சந்தையில் பிடிபட்டிருக்கின்றன. சுர்மா வகை மைகள் சிலவற்றில் ஈய சல்பைடே மூலப்பொருள். கைக்குழந்தைக்கு மை தீட்டவே வேண்டாம். கண்ணைக் கசக்கிய கை அடுத்து வாய்க்குத்தான் போகும்.

கறுப்பு ஹேர் டையில் பாராபினைலின்டையமின் என்ற வேதிப்பொருள் உண்டு. சிலருக்குத் தலையும் முகமும் வீங்கும். காதுக்குப் பின்னால் சிறிது தடவி 48 மணி நேரம் பார்த்த பிறகே பூச வேண்டும். விழுங்கினால் தொண்டை வீங்கி மூச்சு அடைக்கும், தசைகள் சிதைந்து சிறுநீரகம் செயலிழக்கும். அந்தப் பாக்கெட்டையும் பூட்டி வையுங்கள்.

வாசல் தெளிக்கும் சாணிப்பவுடர்?

கொங்கு வட்டாரத்தில் புழங்கும் இந்தப் பொடியில் சாணம் இல்லை. மஞ்சள் பொடி ஆரமைன், பச்சைப் பொடி மாலகைட் கிரீன். இரண்டும் தொழிற்சாலைச் சாயங்கள், உள்ளே போனால் உயிருக்கு ஆபத்து. வீட்டில் இருந்தால் அப்புறப்படுத்துங்கள்.

பழைய சுவரைச் சுரண்டிப் புது பெயிண்ட் அடிக்கப் போகிறோம். கவனிக்க வேண்டியது?

வீட்டு பெயிண்ட்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற இந்திய விதி 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமல் பெயிண்ட்டில், குறிப்பாக மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில், ஈயம் மிகுதியாக இருக்கலாம். கம்பிக் கதவையும் சன்னலையும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது அது தூசியாகப் பறக்கிறது. தரையில் தவழும் குழந்தையின் கை வழியே வாய்க்குப் போகிறது. குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவுமே கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். கர்ப்பிணியும் குழந்தைகளும் வேலை முடியும்வரை வேறு இடத்தில் இருக்கட்டும்.

நான்ஸ்டிக், பிளாஸ்டிக்?

காலித் தவாவைப் பெரிய தீயில் வைத்து மறக்காதீர்கள். 260 டிகிரி செல்சியஸுக்கு மேல் பூச்சு சிதையத் தொடங்கும். கீறல் விழுந்ததை மாற்றிவிடலாம். தோசைக்கு இரும்புக் கல் இருக்கும்போது எனக்கு இதில் தயக்கமே இல்லை. கொதிக்கும் சாம்பாரை மெல்லிய நெகிழிப் பையில் கட்டி வாங்காமல், கையில் தூக்குவாளி கொண்டுபோங்கள்.

லேபிளில் எதைப் பார்ப்பது?

பூச்சி, கொசு, எலி மருந்துகளில் சாய்சதுர வடிவில் ஒரு வண்ணக் குறி கட்டாயம். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, அதற்கடுத்து மஞ்சள், நீலம், கடைசியாகப் பச்சை. பச்சைக் குறி என்றால் நஞ்சே இல்லை என்று பலர் எண்ணுகிறார்கள். குறைந்த நஞ்சு என்பதே அதன் பொருள்.

குழந்தை எதையாவது விழுங்கிவிட்டால்?

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புக் கரைசல், புளித்தண்ணீர், சோப்பு நீர் எதுவும் வேண்டாம், விரலையும் விடாதீர்கள். அமிலமும் காரமும் ஏறி வரும்போது உணவுக்குழாயை இன்னொரு முறை சுடும். மண்ணெண்ணெய், தின்னர், கொசுத் திரவம் போன்றவை நுரையீரலுக்குள் இறங்கிவிடும். ஆசிட்டுக்கு மாற்றாக சோடா உப்பு கொடுப்பதும் தவறு. உள்ளே வெப்பமும் வாயுவும் உண்டாகும்.

வாயில் மிச்சமிருப்பதைத் துடைத்தெடுத்து, வாயைக் கழுவுங்கள். துணியில் பட்டிருந்தால் கழற்றிவிட்டு உடம்பைத் தண்ணீரில் அலசுங்கள். மயக்கமோ வலிப்போ இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். 108ஐ அழையுங்கள். டெல்லி எய்ம்ஸில் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. எந்த நேரமும் பேசலாம். விழுங்கிய பொருளின் பாட்டிலையோ அட்டையையோ கையோடு எடுத்துப் போங்கள். பாதிக் கிழிந்த லேபிளாக இருந்தாலும் மருத்துவருக்கு அது பெரிய உதவி. குழந்தை சிரித்து விளையாடுகிறது என்பதற்காக வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

மிச்சமிருப்பதை எங்கே போடுவது?

சாக்கடையிலும் கிணற்றடியிலும் ஊற்ற வேண்டாம். குப்பையோடு கொளுத்தவும் வேண்டாம். பெயிண்ட் டப்பா, பூச்சிமருந்து டின், சிஎஃப்எல் பல்பு, பாதரசத் தெர்மாமீட்டர் ஆகியவற்றைத் திடக்கழிவு விதிகள் தனியே பிரிக்கச் சொல்கின்றன. தனிப் பையில் கட்டி, மேலே என்னவென்று எழுதி, தூய்மைப் பணியாளரிடம் சொல்லிக் கொடுங்கள். தெர்மாமீட்டர் உடைந்தால் துடைப்பம் போட வேண்டாம். சன்னலைத் திறந்துவிட்டு, பாதரசத் துளிகளைக் கெட்டி அட்டையால் ஒன்றுசேர்த்து, மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் அடைத்து வையுங்கள்.